தாழ்மையுடன் லூசன் அப்

"லூசன் அப், சார்! கொஞ்சம் லூசன் அப்!" என்று திரையில் இருந்த மேடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

கூட்ட அறையில் இருந்தவர்கள் அனைவரும் அகராதியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் புரிந்தவர் போல அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டிய தலை நிற்கச் சற்று நேரம் பிடித்தது. அந்தச் சொல்லின் பொருள் அவருக்குத் தெரியாது என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

அகராதியார் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. நாற்காலி செய்யும் அந்த நிறுவனத்தில் உடன் வேலை பார்ப்போர் இட்டது. கடிதப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். வாடிக்கையாளருக்குப் போகும் ஆங்கிலக் கடிதம் ஒவ்வொன்றும் அவருடைய கண்ணைக் கடந்தே வாசலைக் கடக்கும். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பொருள் சொல்வார் என்பதால் பாதிப் பேர் அந்தப் பெயரை மரியாதையாகச் சொன்னார்கள். 'அகராதி பிடித்த மனுஷன்' என்ற பொருளில் மறுபாதிப் பேர் சொன்னார்கள். இரு சாராரும் சரியாகத்தான் சொல்கிறார்கள் என்பது அவருடைய சொந்தக் கருத்து.

நடந்தது இதுதான். தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த மேலாண் இயக்குநர், அந்தத் திங்கட்கிழமை கிளை அலுவலகத்தாரைத் திரை வழியே முதன்முறையாகச் சந்தித்தார். அவரவர் பிரிவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார். மற்றவர்கள் உட்கார்ந்தபடி பேசினார்கள். அகராதியார் மேலிடத்தின் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழகியவர் அல்லர். எழுந்து நின்றார். உட்கார்ந்திருப்பவர்களின் முகத்துக்கு நேராக வைக்கப்பட்டிருந்த காமிராவுக்கு அவருடைய இடுப்புவாரும் அதற்கு மேல் ஒரு சாண் சட்டையும் மட்டுமே அகப்பட்டன. அந்த இடுப்புவாரிலிருந்து, "மதிப்புக்குரிய மேலாண் இயக்குநர் அவர்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்..." என்று ஒரு குரல் புறப்பட்டது. மேடம் சிரித்ததில் வியப்பில்லை.

ஆனால் கூட்டம் முடியும்போது அவர் சொன்னதுதான் அகராதியாருக்குக் கவலை தந்தது.

"கடிதப் பிரிவு, விற்பனைப் பிரிவு ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்கப் போறோம். அதுக்கு ஒரே ஒரு தலைவர்தான். யாருன்னு வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல சொல்றேன். மனசுல உள்ளதை அப்படியே பேசுற ஆள்தான் எனக்கு வேணும். நான் எதையும் எழுதி வச்சுப் பேசமாட்டேன். நீங்களும் பேசாதீங்க."

விற்பனைப் பிரிவின் அதிகாரி, அகராதியாருடைய மனைவியின் தம்பி. அந்த மைத்துனனுக்கு இந்த வேலைக்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவரே அகராதியார்தான். அன்று அந்த விண்ணப்பத்தில் ஒரு பிழையாவது விட்டிருக்கலாம் என்று இன்று தோன்றியது.

கூட்டம் கலைந்ததும் தட்டச்சு செய்யும் பெண் அருகில் வந்தாள்.

"சார், லூசன் அப்னா என்ன சார்? உங்களை லூசுன்னு திட்டுறாங்களா?"

"சேச்சே! அது வந்து... ரொம்ப ஆழமான சொல்லும்மா. நின்னுக்கிட்டே சொல்லக் கூடாது. சாப்பிட்டுட்டு வந்து சொல்றேன்."

நேரே கிடங்குக்குப் போனார். அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு கைபேசியில் தேடினார். பொருள் கிடைத்தது. லூசன் என்றால் தளர்த்து. அதன் வாலில் 'அப்' ஒட்டிக்கொண்டதும் அது மனிதரைப் பார்த்துச் சொல்லும் சொல்லாகிவிடுகிறது: விறைப்பை விடு, இயல்பாக இரு, கொஞ்சம் சிரி. 'எங்கே, யாரிடம் சொல்லலாம்' என்ற அடுத்த பகுதியைப் படிக்க விரலை நகர்த்துவதற்குள் கிடங்குக்காரர் வந்துவிட்டார்.

"யாரு அங்க? சாரா? என்ன சார், நாற்காலிக்குள்ள நாற்காலியா நிக்கிறீங்க?"

"சும்மா... இருப்பு பார்த்தேன்பா," என்று கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினார். ஆக, சொல்லின் பொருள் தெரிந்தது, புழக்கம் தெரியவில்லை. நீந்துவது என்றால் என்ன என்று படித்துவிட்டு ஆற்றில் இறங்குகிறவனின் நிலை.

பொருள் தெரிந்தும் நிம்மதி வரவில்லை. ஆமையைப் பார்த்து முயல் ஒருநாள், "ஏன் இப்படி இறுக்கமா இருக்கே? ஓட்டைக் கழற்றி வச்சுட்டுக் காத்தாட உக்காரேன்" என்றதாம். முயலுக்கு அது உபசாரம், ஆமைக்கு அறுவைச் சிகிச்சை. வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அகராதியார் தம்முடைய ஓட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு?"

"என்னைத் தளர்வா இருக்கச் சொல்லிட்டாங்க."

"யாரு?"

"மேடம்."

"அட! கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் அதைத்தானே சொல்றேன்? நான் சொன்னா காதுல விழல, அவங்க இங்கிலீஷ்ல சொன்னதும் உறைக்குதாக்கும்!"

"நீ சொன்னப்போ பதவி போகலடி. வெள்ளிக்கிழமை உன் தம்பி எனக்குத் தலைவராயிட்டா, லீவு வேணும்னாகூட அவன்கிட்ட கையெழுத்து வாங்கணும்."

"குடுப்பான். அவன் நல்ல பையன். யாருக்குக் கிடைச்சாலும் பதவி வீட்டுக்குள்ளதானே இருக்கப் போகுது?"

மனைவியின் நடுநிலை அவரைப் பல நேரங்களில் புண்படுத்தியிருக்கிறது. இந்த அளவுக்குப் புண்படுத்தியதில்லை.

சொல்லி வாய் மூடுவதற்குள் நல்ல பையனே வந்துவிட்டான். அடுத்த தெருவில் வீடு, அக்காள் கையால் சாப்பாடு. வந்தவன் செருப்பை ஒரு மூலையிலும் தன்னை ஒரு மூலையிலும் எறிந்துவிட்டு, "மாமா, மேடம் உங்க பெல்ட்டைப் பார்த்துச் சிரிச்சாங்களே, நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்!" என்றான்.

"உனக்கென்ன மாப்ளே, நீ வாயைத் திறந்தா தண்ணி மாதிரி கொட்டும். எனக்கு ஒரு சொல் வெளிய வர்றதுக்குள்ள அதைக் குளிப்பாட்டித் தலை வாரிப் பொட்டு வச்சுத்தானே அனுப்ப வேண்டியிருக்கு."

"இதுக்கெல்லாம் என்ன மாமா இருக்கு? வாய்க்கு வந்ததைப் பேச வேண்டியதுதான்."

அவ்வளவு எளிதாக ஒரு சொல்லைத் தாண்டிப் போக அகராதியாரால் இயலாது. லூசன் அப் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினார். தளர்வு வேறு, அசட்டை வேறு. தோள் தளரலாம், பொறுப்பு தளரக் கூடாது. உள்ளே இறுக்கமாக இருந்துகொண்டு வெளியே தளர்ந்ததுபோல் நடிப்பது அதன் பொருளாகாது. நடிப்பு இருந்தால் கேட்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் சொல்லச் சொல்ல, சுவரில் சாய்ந்திருந்த மைத்துனன் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது.

"மாமா... அப்போ நான் இதுவரைக்கும் சரியாத்தான் தளர்ந்திருக்கேனா?"

"அதை எப்படி மாப்ளே நான் சொல்ல முடியும்?"

"நான் கால் மேல கால் போட்டு உக்கார்றது அசட்டையில சேருமா, தளர்வுல சேருமா?"

"அவனைச் சாப்பிட விடுங்களேன்!" என்று அக்காள் அதட்டினாள். ஆனால் அதன்பின் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அகராதியார் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்துப் பார்த்தார். முதலில் 'ஹ'கரத்தில் ஒரு சிரிப்பு, பிறகு 'எ'கரத்தில் ஒன்று. சற்று நேரத்தில் வாசற்கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் கையில் தண்ணீர்ச் செம்புடன் நின்றிருந்தார்.

"யாருக்காவது தொண்டையில ஏதாச்சும் அடைச்சுக்கிச்சா? சத்தம் கேட்டுச்சே!"

"ஒண்ணுமில்லீங்க. இவர் சிரிச்சுப் பார்க்கிறாரு," என்றாள் மனைவி.

"ஓ... புதுசா?"

"ஆமாங்க. ஆபீஸ்ல கேட்டிருக்காங்க."

உள்ளே இருந்தவருக்கு இந்த உரையாடல் முழுவதும் கேட்டது. அதைக் கேட்டபோது அவருக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது. ஆனால் பயிற்சி நேரத்தில் வேறு சிரிப்புக்கு இடங்கொடுப்பது முறையன்று என்று அடக்கிக்கொண்டார்.

சிரிப்பில் தேற முடியாது என்று தெரிந்துவிட்டது. எழுத்தில் தேறலாமே என்று தோன்றியது. அதுதான் அவருடைய களம். மேடம் சொன்ன சொல்லை மேடத்தின் கண்ணில் படும்படி ஒரு கடிதத்தில் கையாண்டு காட்டிவிட்டால், 'பரவாயில்லை, மனிதர் மாறிவிட்டார்' என்று அவர் நினைக்க மாட்டாரா?

அன்றைய தபாலில் ஒரு பல் மருத்துவரின் புகார் வந்திருந்தது. காத்திருப்போர் அறைக்காக அவர் வாங்கிய நாற்காலிகளின் முதுகு, சாய்ந்தவுடன் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கிறதாம். 'உள்ளே வந்த பிறகு அலற வேண்டியவர்கள் வெளியிலேயே அலறுகிறார்கள். அதைக் கேட்டு மற்றவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்' என்று எழுதியிருந்தார்.

அகராதியார் பதில் எழுதினார். நல்ல, இறுக்கமான, வழுவழுப்பான ஆங்கிலம். தமிழில் சொன்னால் அதன் கடைசிப் பத்தி இப்படி இருக்கும்: 'தங்கள் மேலான புகார் பரிசீலனையில் உள்ளது. இதற்கிடையில், தாங்கள் கூடிய விரைவில் லூசன் அப் ஆகுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

தட்டச்சுப் பெண் அந்த வரியில் நின்றாள்.

"சார்... கோவமா இருக்கிறவர்கிட்ட இப்படிச் சொல்லலாமா?"

"மேடமே என்கிட்ட சொன்னாங்களேம்மா?"

"அவங்க உங்களுக்கு மேல இருக்காங்க சார். அதனால சொல்லலாம். நீங்க போய் அவங்ககிட்ட சொல்ல முடியுமா?"

அந்தக் கேள்விக்கு விடை, கிடங்கில் அவர் படிக்காமல் விட்ட பகுதியில் இருந்தது. அது தெரியாமல், "தாழ்மையுடன்னு போட்டிருக்கேன் பாரு. அதைப் போட்டா எதை வேணும்னாலும் சொல்லலாம்," என்று அவளுக்குத் தைரியம் சொன்னார். மேடத்துக்கு ஒரு பிரதி அனுப்பவும் மறக்கவில்லை.

மருத்துவர் தொலைபேசியில் பேசினார். பேசினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

"என் நோயாளி ஒருத்தர் மல்லாக்க விழுந்து கிடக்கிறாரு, நீங்க என்னை லூசன் அப் ஆகச் சொல்றீங்களா? அதுவும் தாழ்மையோட?"

"ஐயா, நான் சொல்ல வந்தது..."

"உங்க மேலிடத்துலேருந்தும் கூப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் திரையில வரணுமாம். வர்றேன். வந்து பேசுறேன்!"

அகராதியார் தொலைபேசியைக் கீழே வைப்பதற்குள் மேடத்தின் செய்தியும் வந்து சேர்ந்தது. டாக்டரை நீங்கள் நேரில் எப்படிச் சமாதானம் செய்கிறீர்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன், எழுதி வைத்துப் பேசாதீர்கள் என்று இருந்தது. கடைசியில் மறுபடியும் அந்தச் சொல்லே.

எழுதி வைத்துப் பேசக் கூடாது. சரி. எழுதி வைக்காமல் பேசுவது எப்படி என்பதை எழுதி வைத்துக்கொள்ளலாம் அல்லவா? அன்று மாலை உட்கார்ந்து, தயாரிப்பே இல்லாத ஒரு பேச்சைத் தயாரித்தார். 'வந்து...' என்று இழுக்க வேண்டிய இடங்களில் நீலக் கோடு போட்டார். மறந்ததுபோல் நெற்றியைத் தேய்க்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டார். ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டார். முடியாத வாக்கியத்தைப் பார்க்கப் பொறுக்காமல், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதை முடித்துவைத்தார். இப்படி ஒரு பைத்தியத்துக்கா இத்தனை காலம் சம்பளம் கொடுத்தார்கள் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே பேச்சை நெட்டுருப் போட்டார்.

ஒரு குறைதான் இருந்தது. எதிர்பாராத கேள்வி ஒன்று வந்து, அதற்கு அவர் சட்டென்று ஒரு வேடிக்கைப் பதில் சொன்னால் தளர்வு முழுமை பெறும். எதிர்பாராத கேள்வியை ஏற்பாடு செய்யத் தட்டச்சுப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"நான் நெத்தியைத் தேய்ச்சதும் நீ திடீர்னு கேக்கணும்மா. 'சார், சின்ன வயசுல நீங்க நாற்காலியிலேருந்து விழுந்திருக்கீங்களா?' அவ்வளவுதான்."

"சரி சார். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் திடுக்கிடுவேன்."

"எங்க, திடுக்கிட்டுக் காட்டுங்க."

காட்டினார்.

"சார், அது நெஞ்சுவலி மாதிரி இருக்கு."

"கொஞ்சம் குறைச்சுக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு இன்னொரு யோசனை உதித்தது. மாலைக் கூட்டத்தில் மருத்துவர் கொதிப்பதற்கு முன்னால், நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால்? மருத்துவமனைக்குப் போனார். காத்திருப்போர் அறையில் தம் நிறுவனத்தின் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மற்றவர்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். நிறுவனத்தின் மானத்தைக் காப்பாற்றும் பொருட்டு அவர் மட்டும் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுவதும் செய்த பயிற்சியை நினைத்துக்கொண்டு, தளர்வாகச் சாய்ந்தார்.

நாற்காலி அவரைவிடத் தளர்ந்துவிட்டது. முதலில் கூரை தெரிந்தது, பிறகு பின்சுவர் தலைகீழாகத் தெரிந்தது. மோவாய் மார்பில் இடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்தது. அலறினார். சுவரோரம் நின்றவர்களில் இரண்டு பேர் வெளியேறிப் போனார்கள்.

மருத்துவர் கோபக்காரர் என்றாலும் மருத்துவர். தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்து வாயைத் திறக்கச் சொன்னார்.

"ஐயா, நான்தான் அந்தக் கடிதம்..."

"தெரியும். தபால்ல வந்த விறைப்பு அப்படியே நேர்ல வந்திருக்கே. வாயைத் திறங்க. இன்னும். லூசன் அப்!"

அகராதியாரின் தாடை இறுகிப் பூட்டிக்கொண்டது.

"பார்த்தீங்களா?" என்றார் மருத்துவர். "நாள் முழுக்க நான் சொல்ற வார்த்தை இது. இதைக் கேட்டு ஒரு தாடைகூடத் தளர்ந்ததில்ல. சொன்னா இறுகும். சும்மா ஏதாவது ஊர்க்கதை பேசிக்கிட்டே இருந்தா தானாத் தளரும். கதை பேச இப்ப நேரமில்ல, அதனாலதான் ஊசி போடுறேன்."

மீதிப் பாதிப் பல்லும் போயிற்று. இடப்பக்கக் கன்னமும் உதடும் நாக்கின் ஓரமும் மரத்து, தம்முடையவையே அல்லாதவை போலாயின. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். "மழ்ழிச்சுக்கோங்க" என்று வந்தது.

"பல்லுக்கு வைத்தியம் பார்த்தாச்சு. கடுதாசிக்குச் சாயந்திரம் பார்க்கிறேன்," என்று மருத்துவர் அனுப்பிவைத்தார்.

கூட்டம் தொடங்கியது. திரையில் மேடம் நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையை அதன் முதுகில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசினார். ஒரு சொல் தடுமாறவில்லை. அவ்வப்போது யாரோ ஒரு உதவியாளருடைய கை மட்டும் ஓரத்திலிருந்து நீண்டு, தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு மறைந்தது. 'இப்படிப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். நான் கோட்டுப் பித்தானோடு பிறந்தவன்' என்று அகராதியார் பெருமூச்சு விட்டார். பெருமூச்சின் பாதி, மரத்த உதட்டோரமாகச் சீட்டியடித்தது.

முதலில் மைத்துனன். அவனைப் பார்த்ததும் அகராதியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழுத்துப் பித்தான் வரை பூட்டியிருந்தான். கழுத்துப்பட்டை வேறு. கையில் காகிதம். எழுந்து நின்றான்.

"இது யாரோட இடுப்பு?" என்றார் மேடம்.

"மேடம், நான்... தளர்வு வேறு, அசட்டை வேறு..." என்று தொடங்கிய மைத்துனன், அதற்கு மேல் போகத் தெரியாமல் அக்காளின் வீட்டுச் சாப்பாட்டை நினைத்தவன் போல் விழித்துவிட்டு உட்கார்ந்தான். கலகலவென்றிருந்த ஒரு வாயைப் பொருள் சொல்லியே பூட்டிவிட்டோமே என்று அகராதியாருக்கு வருத்தமாக இருந்தது. போட்டியாளன் வீழ்ந்ததற்கு மகிழ வேண்டிய நேரத்தில் வருந்திக்கொண்டிருப்பதைக் கண்டு தம்மீதே எரிச்சலும் வந்தது.

"டாக்டர் வந்திருக்கார். கடிதம் எழுதினவர் பேசுங்க," என்றார் மேடம்.

திரையின் ஒரு மூலையில் மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அகராதியார் உட்கார்ந்தபடியே தொடங்கினார்.

"மழிப்புக்குழிய..."

நீலக் கோடு, சிவப்புக் கோடு எல்லாம் ஒன்றாகக் கலந்து தலைக்குள் சுழன்றன. மரத்த உதட்டிலிருந்து எச்சில் ஒழுகுகிறதோ என்ற ஐயத்தில் கையை உயர்த்தினார். எந்தப் பக்கம் தம் வாய் என்று தெரியாமல் கை நெற்றிக்குப் போய்விட்டது. தேய்த்தும்விட்டார்.

தட்டச்சுப் பெண் கடமை தவறாதவள்.

"சார்! சின்ன வயசுல நீங்க நாற்காலியிலேருந்து விழுந்திருக்கீங்களா?"

உண்மையாகவே திடுக்கிட்டார். ஒத்திகை பார்த்த திடுக்கிடல் அதன் கால்தூசு பெறாது. தயாரித்து வைத்திருந்த வேடிக்கைப் பதில் மறந்தே போயிற்று.

"சிழ்ழ வயசுல இல்லம்மா," என்றார். "இன்னிக்குக் காலையில."

முதலில் மருத்துவர்தான் சிரித்தார். பிறகு அறை முழுவதும். கடைசியில் அகராதியாருக்கும் சிரிப்பு வந்தது. வாயின் பாதி மட்டும் சிரிக்க, மறுபாதி துக்கம் விசாரிக்க வந்ததுபோல் அப்படியே இருந்தது. அதைத் திரையில் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதன்பின் வந்ததெல்லாம் தானாக வந்தது. ழகரமும் லகரமும் புரண்டு புரண்டு வந்தன. "டாக்டர், உங்க புகார் நெசம். நாற்காலி விழுது. நானே விழுந்தேன். பல்லு உங்ககிட்டதான் இருக்கு, சாட்சிக்கு வச்சுக்கோங்க. அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் திங்கட்கிழமை வரைக்கும் தெரியாது. தெரிஞ்சதும் யாருக்குச் சொல்றோம்னு பார்க்காம உங்க மேல எறிஞ்சுட்டேன். கோவமா இருக்கிறவருக்கு முதல்ல நல்ல நாற்காலி குடுக்கணும், புத்தி சொல்லக் கூடாது. நாளைக்கு எல்லா நாற்காலியும் மாத்தித் தர்றோம். பழசை எடுத்துக்கிட்டு வர்றப்போ யாரும் உக்காராம பார்த்துக்கிறது என் பொறுப்பு."

மருத்துவரின் கட்டிய கை அவிழ்ந்தது. "இவர் எழுதுறதைவிடப் பேசுறது ஆயிரம் மடங்கு தேவலை. அதுவும் நான் பாதி வாயை மரத்துப்போக வச்ச பிறகு!" என்றார். "போதும், எனக்குக் கோவம் இல்ல."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இப்பதான் தோணுச்சு, சார். புதுப் பிரிவுக்கு நீங்களே தலைவரா இருங்க!"

மைத்துனன்தான் முதலில் கைதட்டினான். "மாமா, தப்பிச்சேன்!" என்று காதோரம் சொல்லிவிட்டுக் கழுத்துப்பட்டையைக் கழற்றினான். தட்டச்சுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அகராதியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வாரமாக எழுதியதும் கோடு போட்டதும் குளியலறையில் சிரித்ததும் அத்தனையும் வீண். ஒரு வரிகூட எழுதி வைக்காமல், வாயில் பாதியே வேலை செய்த நிலையில், மனத்திலிருந்து வந்த சில சொற்கள் அல்லவா மேலிடத்தின் மனத்தை அந்தக் கணத்திலேயே மாற்றிவிட்டன! எழுதாத சொல்லுக்கு இத்தனை வலிமை உண்டா? இனி எதையும் எழுதி வைத்துப் பேசுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டார்.

"வாழ்த்துகள், சார்! வர்றேன்!" என்று மேடம் கையசைத்தார். திரை இருண்டது. ஆனால் ஒலியை நிறுத்த யாரோ மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. இருண்ட திரைக்குள்ளிருந்து, தண்ணீர்க் குவளை வைத்த அந்த உதவியாளரின் குரல் அறை முழுவதற்கும் தெளிவாகக் கேட்டது:

"என்ன மேடம், 'இப்பதான் தோணுச்சு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி கன்னத்துல கை வச்சுக் கொஞ்ச நேரம் யோசிக்கணும்னு திங்கட்கிழமையிலேருந்து ஒத்திகை பார்த்தோமே, மறந்துட்டீங்களே!"